அரைவேக்காட்டு ராவும் அவருடைய குரலும்

மராத்திக்காரர்கள் ராம்தாஸ் பாத்யேயைச் 'சப்தப்ரமகார்' என்று சொல்வார்கள். நம்மவர்களில் சிலர் அதைக் காதில் வாங்கும்போதே 'சப்தப் பிரம்மம்' ஆக்கிக்கொண்டு, ஏதோ நாத உபாசனை செய்கிற பெரியவர் போலிருக்கிறது என்று கைகூப்பியதும் உண்டு. அது பிரம்மம் இல்லை சார், பிரமை. சத்தத்தால் உண்டாக்குகிற மயக்கம். ஆங்கிலத்தில் வென்ட்ரிலோக்விசம் என்ற பெயர், வயிற்றிலிருந்து பேசுவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயர்தான் அப்படி, வயிற்றுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. குரலை யாரும் தூக்கி எறிவதும் இல்லை. பொம்மையின் வாய் அசைகிறது, மனிதரின் வாய் அசையவில்லை. கண் சொல்வதைக் காது நம்பிவிடுகிறது. இந்த அளவில் மராத்திச் சொல்லே பொருத்தமானது எனலாம்.

இக்கலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைத் தொல்காப்பியரிடமே கேட்கலாம். பிறப்பியலில் அவர் பகரமும் மகரமும் இரண்டு இதழும் சேர்வதால் பிறக்கும் என்கிறார். வகரம் பிறக்க மேற்பல்லும் இதழும் சேரவேண்டும் என்கிறார். பொம்மையாட்டக்காரரோ இதழை அசைக்கவே கூடாது. அப்படியானால் ப, ம, வ மூன்றும் அவருக்கு இல்லை. என்ன செய்வார்? நாக்கை மேற்பல்லின் பின்புறம் அழுத்திப் பகரத்துக்குப் பதில் தகரம் போல ஒன்றையும், மகரத்துக்குப் பதில் னகரம் போல ஒன்றையும் சொல்லிச் சமாளிப்பார். வேகமாகச் சொல்வார். கூடவே பொம்மை தலையைத் திருப்பும், கண்ணை உருட்டும். கேட்கிறவர் தாமாகவே மனத்தில் சரியான எழுத்தைப் போட்டுக்கொள்வார்.

இதில் மொழிக்கு மொழி வித்தியாசம் உண்டு. மராத்திப் பொம்மை தன் தாயை 'ஆயி' என்று கூப்பிட்டால் உதடே வேண்டாம். நம் பொம்மை அம்மா என்றாலும் அப்பா என்றாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் மராத்திக்காரருக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது: மும்பை. அந்தப் பெயர் முழுக்க உதட்டெழுத்து. பழைய பம்பாயும் அதே கதைதான். சொந்த ஊர்ப் பெயரை உதடு பிரியாமல் சொல்லித்தான் இந்த ஊரில் பாத்யே பிழைக்கவேண்டியிருந்தது.

தந்தை ஒய்.கே. பாத்யே இக்கலையில் இங்கே முன்னோடி. அவர் உருவாக்கிய பொம்மைதான் அர்தவட்ராவ். அர்தவட் என்றால் அரைகுறை. நம் பேச்சில் அரைவேக்காடு. ராம்தாஸ் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். படிப்பு வீண்போகவில்லை, புருவமும் இமையும் உதடும் தனித்தனியே அசைகிற பொம்மைகளைத் தாமே செய்தார். 1960களின் பிற்பகுதியிலிருந்து மேடை ஏறினார். இங்கே கவனிக்கவேண்டியது, அவர் கையில் உட்கார்ந்தவர் அவரைவிட வயதில் மூத்தவர் என்பது. குணம், குரல், குதர்க்கம் எல்லாம் அப்பா காலத்திலேயே தீர்மானமாகிவிட்டன. பாகவதர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் பாணி எப்படி வரமோ சுமையோ, அப்படித்தான் இதுவும். பொம்மை மகனைக் கிண்டல் செய்யும்போது ஓர் அப்பாவின் கிண்டலும் அதில் கேட்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அந்த ஆண்டுகள் நமக்கு அவ்வளவு சுகமான ஆண்டுகள் அல்ல. 1966க்குப் பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் இந்நகரில் ஓங்கியிருந்தது. தெருவில் மராத்தி கேட்டாலே வேகமாக நடந்த நம்மில் சிலர், கணபதி பந்தலில் ஓர் அரைவேக்காடு பேசிய மராத்திக்கு நின்று சிரித்தோம். பொம்மை நிதானமாகவும் திருத்தமாகவும் பேசியதால் பாதியாவது புரிந்தது. எனக்கு மராத்தி வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மனிதன் சொல்லத் துணியாததைப் பொம்மை சொல்லலாம் என்பதுதான் இக்கலையின் பெரிய சலுகை. நான் பார்த்த வரையில் பாத்யே அந்தச் சலுகையை வீட்டுக்குள்ளேயே செலவழித்தார். அர்தவட்ராவுக்கு ஆவடாபாய் என்று ஒரு மனைவி, புருஷன் பெண்டாட்டி சண்டை, சிரிப்பு. குடும்பத்தோடு பார்க்கலாம், சரி. அதைத் தாண்டி அந்த அரைவேக்காட்டு வாய் எங்கெல்லாம் போயிருக்கலாம்!

பெரும்புகழ் வேறு வழியில் வந்தது. லிஜ்ஜத் அப்பள விளம்பரத்தில் சிரிக்கும் முயல் பொம்மை தூர்தர்ஷன் காலத்தில் வீடு வீடாகப் போயிற்று. பிறகு 1993இல் மகேஷ் கோட்டாரேயின் 'ஜபாட்லேலா'. கொள்ளைக்காரன் தாத்யா விஞ்சுவின் ஆவி ஒரு பொம்மைக்குள் புகுந்துவிடுகிறது. பொம்மையைச் செய்து ஆட்டியவர் பாத்யே. ஆனால் குரல்? திலீப் பிரபாவள்கருடையது! வாழ்நாள் முழுக்கக் குரலுக்காக உழைத்தவருடைய மிகப் பிரபலமான பொம்மை இன்னொருவர் குரலில் பேசுகிறது. நல்ல படம்தான், தாத்யா விஞ்சு இன்றும் குழந்தைகளைப் பயமுறுத்துகிறான். ஆனால் அது பொம்மலாட்டம், சப்தப்ரமம் அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் யாருக்கும் குரல் கொடுக்கலாமென்றால், உதட்டைக் கட்டுவது எதற்கு?

நம் பக்கமும் இதே கதைதான். கே. பாலசந்தரின் 'அவர்கள்' (1977) படத்தில் கமல்ஹாசனின் ஜானி, தான் சொல்லமுடியாத காதலை ஜூனியர் என்ற பொம்மையின் வாயால் சொல்லவைப்பான். பொம்மை எதற்கு என்பதைத் தமிழில் அதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை. ஆனாலும் அதன் பாட்டில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடன் பொம்மைக்காகப் பாடியவர் சதன். சினிமாவில் உணர்ச்சி கிடைக்கிறது, வித்தை போய்விடுகிறது. அமெரிக்காவின் எட்கர் பெர்கன் 1937 முதல் வாராவாரம் வானொலியில் பொம்மையைப் பேசவைத்துப் பெரும்புகழ் பெற்றார். உதடு தெரியாத இடத்தில்! மேடையில் அவர் உதடு அசைவதை அவருடைய சார்லி மெக்கார்த்தியே கேலி செய்யும். 1938இல் அவருக்குக் கிடைத்த சிறப்பு ஆஸ்கார் மரத்தால் ஆனது, வாய் அசைவது. பெர்கனுக்கு வித்தையைவிடப் பாத்திரம் பெரிது. பாத்யேக்கோ இரண்டும் கைவந்திருந்தன. ஊடகம் ஒன்றைத்தான் கேட்டது.

மனைவி அபர்ணாவும் மகன் சத்யஜித்தும் இக்கலையிலேயே வந்தார்கள். சத்யஜித் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படித்தவர். அவர் தலைமுறையில் தொலைக்காட்சிப் போட்டிகளின் கேமரா முகத்துக்கு நேரே வந்து உதட்டைச் சோதிக்கிறது. கடைசி வரிசைக்குத் தெரியாமல் தப்பிய காலம் போயிற்று. ஒருவகையில் இது கலைக்கு நல்லதே.

எங்கள் காலனிப் பையன் ஒருவன் இவர்களைப் பார்த்துவிட்டுப் பொங்கல் விழாவுக்குத் தமிழ்ப் பொம்மை ஒன்றைத் தயார் செய்தான். பெயர் கிட்டு, உதடு ஒட்டாத பெயராகத் தேடியே வைத்திருந்தான். ஆனால் முதல் வார்த்தையே வணக்கம் ஆயிற்றே, முன்னால் வகரம், பின்னால் மகரம்! ஒத்திகையில் 'தணக்கன்' என்றுதான் வந்தது. கூடத்தில் ஒரே சிரிப்பு. பையன் ஒரு வாரம் காணவில்லை. விழாவன்று கிட்டு மேடைக்கு வந்து கண்ணை உருட்டி, "என்ன, நலந்தானே?" என்றது. சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. முன்வரிசைப் பாட்டி ஒருத்தி எழுந்து பொம்மைக்கு, "நலந்தான்டா கண்ணா" என்றாள்.