ரிஹ்லாவில் இல்லாத தொட்டில்

அரபு உரைநடைச் செல்வங்களுள் 'ரிஹ்லா' எனப்படும் பயண இலக்கியத்துக்குத் தனித்ததோர் இடமுண்டு. 1183ஆம் ஆண்டில் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அந்துலூஸியர் இப்னு ஜுபைரின் நூலும், 1325இல் தம் இருபத்தொன்றாம் வயதில் தன்ஜாவை விட்டு நீங்கிய இப்னு பதூதாவின் நூலும் மதரஸாப் பருவம் முதல் நாம் பயின்றும் பயிற்றுவித்தும் வருபவை. மதில்களின் உயரம், மஸ்ஜிதுகளின் அழகு, ஆலிம்களின் தகுதி, காழிகளின் நேர்மை, சந்தையில் அரிசி விற்ற விலை என அப்பெருமக்கள் எழுதாது விட்டவை குறைவு. எனினும் முப்பதாண்டுகளாக இந்நூல்களை மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, அண்மையில் ஓர் ஆங்கில நூலைப் படித்த பின்னரே ஒரு குறை கண்ணில் பட்டது. இப்பேரேடுகளில் கைக்குழந்தைக்கு இடமில்லை. இருந்தாலும் ஓரிரு வரிகளே. அவ்வரிகளும் பெரும்பாலும் மரணச் செய்திகளாகவே இருக்கின்றன.

அந்த ஆங்கில நூல் அமெரிக்க எழுத்தாளர் அந்தோணி டோர் எழுதி 2007இல் வெளிவந்த 'ஃபோர் சீசன்ஸ் இன் ரோம்'. ரோம் நகரில் நான்கு பருவங்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வெளியூரில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, "உஸ்தாத், இதுவும் ஒரு ரிஹ்லாதான்" என்று கூறிக் கொடுத்துச் சென்றார். பூச்சந்தைக்கு அப்பாலுள்ள என் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாளில் படித்து முடித்தேன். ரிஹ்லாதான், ஆனால் நாம் அறிந்த ரிஹ்லா அன்று.

செய்தி எளியது. மனைவியையும் பிறந்த இரட்டை ஆண் மகவுகளையும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலேயே, ரோம் பரிசு தமக்குக் கிடைத்திருக்கும் செய்தியை டோர் அறிகிறார். ஓராண்டு ரோமில் தங்க வீடு, எழுத ஓர் அறை, செலவுக்கு உதவித்தொகை. 2004ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஆறு மாதக் குழந்தைகள் இருவரோடு ஜனிக்குலம் குன்றின் மேலுள்ள குடியிருப்பில் அக்குடும்பம் குடியேறுகிறது. இரண்டாம் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட ஒரு புதினத்தை அங்கே எழுதுவது அவர் திட்டம். அந்த ஆண்டில் அது நகரவில்லை. (அப்புதினம் 'ஆல் தி லைட் வீ கேனாட் ஸீ' என்னும் பெயரில் 2014இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றதை இன்று உலகம் அறியும்.) நகர்ந்தது அவருடைய குறிப்பேடு. இரவெல்லாம் குழந்தைகளின் அழுகை. அவர்கள் உறங்கிய பின்னும் தந்தைக்கு உறக்கம் வருவதில்லை. உறக்கமற்ற அந்த இரவுகளிலிருந்து பிறந்த நூல் இது.

நூலின் உயிர்நிலை எது? ரோமின் புகழ் பெற்ற கட்டடங்கள் அல்ல; அவற்றைப் பற்றி ஆயிரம் நூல்கள் உள்ளன. தனியனாய் வரும் பயணி ஒரு நகரத்தில் பார்வையாளனாகவே இருந்துவிட்டுப் போகலாம். பசித்தால் உண்பான், களைத்தால் படுப்பான். கைக்குழந்தையோடு வருபவனுக்கு அது வாய்க்காது. பால் விற்கும் கடை எது, டயப்பர் எங்கே கிடைக்கும், காய்ச்சல் என்றால் எந்த மருத்துவரிடம் ஓடுவது, கற்கள் பாவிய தெருவில் இரட்டைத் தள்ளுவண்டி எந்த வழியாகச் செல்லும் என்று அவன் முதல் வாரத்திலேயே கேட்டறிய வேண்டியவனாகிறான். இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டி சுடுபவரும் மளிகைக்காரரும் இரட்டையரைக் கண்டதும் வியாபாரத்தை நிறுத்திவிட்டுச் சூழ்ந்துகொள்கின்றனர். குழந்தைக்குத் தொப்பி போடவில்லையா, இதைக் கொடு, அதைக் கொடுக்காதே என்று ஆளுக்கோர் அறிவுரை. மொழி தெரியாத அந்நியன் மொழியே பேசத் தொடங்காத இரு சிறுவர்களின் வழியாக அண்டை வீட்டானாகிறான். இப்னு பதூதாவுக்கு ஊர்களின் கதவுகளைத் திறந்துவிட்டது அவருடைய இல்மு. டோருக்குத் திறந்துவிட்டது தள்ளுவண்டி.

இரண்டாவதாக, குழந்தை அவருடைய கண்ணை மாற்றுகிறது. பழக்கம் என்பது பார்வையின் மேல் படியும் தூசு. நம் ஊர்க் கோபுரத்தை வெளியூரார் அண்ணாந்து நோக்கி நிற்கையில், தினமும் அதனடியில் பேருந்துக்கு ஓடும் நாம் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிறந்த குழந்தைக்குப் பழக்கம் என்பதே கிடையாது. விளக்கும் இலையும் தண்ணீர்க் குழாயும் அதற்கு ஒருபடித்தான அதிசயங்களே. அக்கண்களோடு கண் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார் டோர். குளிர்காலத்து வானில் பல்லாயிரமாய்த் திரண்டு சுழலும் மைனாக் கூட்டங்களை அவர் வருணிக்கும் பக்கங்கள் இதற்குச் சான்று. பாந்தியன் என்னும் பழங்கோயிலின் குவிமாடத்து உச்சித் துளை வழியே பனி விழுவதைக் காண்பதற்காக டிசம்பர் மாதத்தில் குழந்தைகளோடு சென்று காத்திருக்கிறார்கள். முப்பத்தேழு பாகங்கள் கொண்ட இயற்கை வரலாற்றை எழுதி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட பிளினியை அவர் ஆண்டு முழுவதும் வாசிப்பதும் பொருத்தமே. அந்த ரோமானிய அறிஞரும் உலகில் அற்பமானது என ஒன்றைத் தள்ளியவர் அல்லர்.

2005 ஏப்ரல் 2ஆம் நாள் போப் இரண்டாம் ஜான் பால் மறைந்ததும், உலகெங்கிலுமிருந்து ரோமில் மக்கள் வெள்ளம் குவிந்ததும் நூலின் மற்றொரு பெருநிகழ்ச்சி. பிற சமயத்தாரின் இழவைக் காணச் செல்லும் நம்மில் எவரும் கைக்கொள்ளத் தக்க அடக்கத்தோடு அதனை எழுதியிருக்கிறார்.

இனி, நம் முன்னோரிடம் வருவோம். 1326இல் திமிஷ்கில் இப்னு பதூதா ஒரு பெண்ணை மணந்தார். அவர் கருவுற்றிருந்த நிலையில் பயணம் தொடர்ந்தது. மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருக்கும்போது எட்டியது. குழந்தையின் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகள் அனுப்பினார். இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து 1348இல் திமிஷ்குக்குத் திரும்பியபோது முதலில் விசாரித்தது அம்மகனைத்தான். பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டான் என்றார்கள். புகாரா செல்லும் வழியில் பிறந்த பெண் குழந்தை ஓராண்டு நிறையுமுன் தில்லியில் இறந்தது. அவள் பிறந்தது முதல் தமக்கு நன்மையே நேர்ந்ததாக ஓரிடத்தில் நெகிழ்கிறார். ஆனால் அடக்கத்தைப் பற்றிய பகுதியில் அமைச்சர் வந்ததும், மலர் தூவியதும், பன்னீர் தெளித்ததும் விரிவாக உள்ளன. அக்குழந்தையின் சிரிப்போ அழுகையோ ஓரிடத்திலும் இல்லை. தில்லியில் மணந்த ஹூர் நஸப் அம்மையார் இரவுகளைத் தொழுகையில் கழித்தவர். மஅபர் நாட்டு, அதாவது நம் மதுரைச் சீமையின், முதல் சுல்தான் ஷரீஃப் ஜலாலுத்தீனின் மகளார். அவருக்கும் ஒரு பெண் பிறந்தது. அவ்விருவரின் கதி என்னவாயிற்றென்று தாம் அறியவில்லை என எழுதிச் செல்கிறார். பின்னர் மதுரையை ஆண்ட கியாதுத்தீனுக்கு அவர் சகலர் முறை. அவ்வுறவின் காரணமாகவே இங்கே விருந்தோம்பலும் பெற்றார். மாமனார் வழி உறவு மதுரை வரை துணை வந்தது. மனைவியும் மகளும் ஒரு வாக்கியத்தில் மறைந்துவிட்டனர்.

இப்னு கல்தூன் கதை இன்னும் கடியது. கெய்ரோவில் நிலைபெற்ற பின் துனிஸிலிருந்து தம் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விரும்பினார். 1384இல் அவர்களை ஏற்றி வந்த கப்பல் இஸ்கந்தரிய்யாவுக்கு அருகில் மூழ்கியது. நாகரிகங்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் கண்டு சொன்ன அவ்வறிஞர், தம் வரலாற்றில் இதற்கு ஒதுக்கியது சில வரிகளே. தமிழிலும் நிலை வேறன்று. 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்ற ப. சிங்காரம் அங்கே மணம் புரிந்தார். முதற்பேற்றிலேயே மனைவியும் மகவும் மாண்டனர். பின்பு தாயகம் திரும்பி மதுரையில் தனியராகவே வாழ்ந்து 1997இல் மறைந்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் அவருடைய இரு புதினங்களில் மேடான் தெருக்களும் வட்டிக்கடைகளும் போரும் கண்முன் நிற்கின்றன. அந்த வீட்டின் பேறுகால அறையைப் பற்றி அவர் எழுதவே இல்லை.

இவர்களெல்லாம் கல்நெஞ்சினர் என்று தீர்ப்பளிப்பது பிழை. சொல்லாமை எல்லாம் உணராமை ஆகாது. ஆயினும் அவர்கள் எழுதிய வகைமைக்குள் குழந்தை 'அறிவு' எனக் கருதப்படவில்லை என்பதே என் துணிபு. எதை எழுதுவது கண்ணியம், எதை விடுவது கண்ணியம் என்பதை மரபு முடிவு செய்தது. இவ்வளவுக்கும், அந்நிய மண்ணில் கைக்குழந்தையோடு நிற்றல் என்பது நம் தீனின் மையத்திலேயே உள்ள வரலாறு. இப்ராஹீம் (அலை) அவர்கள் விட்டுச் சென்ற மக்காவின் வறண்ட பள்ளத்தாக்கில், பால்குடி மறவாத இஸ்மாயீல் (அலை) அவர்களுக்காகத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடியவர் அன்னை ஹாஜர். அந்த ஓட்டத்தை ஒவ்வொரு ஹாஜியும் ஏழு முறை நடந்து காட்டுகிறார். நம் ரிஹ்லா ஆசிரியர்களும் அதை நடந்தவர்களே.

டோரின் நூலிலும் குறையுண்டு, அது சிறியதன்று. அவருடைய மனைவி ஓயாத உழைப்பினால் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். அப்பகுதி மனத்தை உலுக்குகிறது. ஆனால் ஓர் அறையும் மேசையும் உதவித்தொகையும் கணவருக்கு இருந்தன. அந்த அம்மையாரின் ஆண்டு எவ்வாறு கழிந்தது என்பதை அவர் எழுதியிருந்தால் வேறொரு ரோம் கிடைத்திருக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் அமர்த்தப்படுகிறார். நூலாசிரியர் அவரை மரியாதையோடுதான் காட்டுகிறார். ஆனால் அந்நாட்டிலிருந்து ரோமுக்கும் ரியாதுக்கும் துபாய்க்கும் சென்று பிறர் மகவைத் தாலாட்டும் எத்தனையோ தாய்மார் தம் மகவைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். அந்தப் பெருங்கதை டோரின் வாசற்படியில் நின்றது. அவர் அதை உள்ளே அழைத்திருக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமையுண்டு. 1990களின் பிற்பகுதியில் வளைகுடா நாடொன்றில் மூன்றாண்டுகள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். குடும்ப விசா பெற அங்கே ஊதிய வரம்புண்டு. என் ஊதியம் அதை எட்டவில்லை. மூத்த மகன் பிறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டேன். முதன்முதலில் கண்டபோது அவனுக்குப் பதினாறு மாதம். சுவரில் மாட்டியிருந்த என் புகைப்படத்தை நோக்கி 'அத்தா' என்று கை நீட்டிய பிள்ளை, என் கைக்கு வர மறுத்து அழுதான். ஆகவே டோரின் பக்கங்களை நான் பொறாமையின்றிப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். இரவு மூன்று மணிக்கு அழும் குழந்தையைத் தோளில் போட்டு உலவும் துன்பத்தை அவர் எழுதுமிடத்தில், அத்துன்பம் எனக்கு ஒரு செல்வமாகத் தோன்றியது. பயணம் வேதனையின் ஒரு பகுதி. அலுவல் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புக என்னும் கருத்துடைய நபிமொழியை அந்நாட்களில் நான் எத்தனை முறை ஓதியிருப்பேன்! அலுவல்தான் முடியவில்லை.

புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கங்களில் இத்தகைய தந்தையர் இல்லாத தெரு அரிது. அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் காணத் தவறிய தவழும் பருவத்தை எழுதியவர் மிகச் சிலரே. டோரின் நூல் நமக்குப் பயன்படுவது இங்கேதான். அவர் எழுதியது போல எழுதுவதற்காக அன்று. எழுதத் தக்கது எது என்னும் மரபின் பட்டியலில் பால் புட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அது காட்டிவிட்டது.

இந்நூலைப் படித்த பின், இறுதியாண்டு மாணவர்களுக்கு இப்னு பதூதாவின் மாலத்தீவுப் பகுதியை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அங்கே காழியாக இருந்து பல மணங்கள் செய்து, மணவிலக்கும் அளித்துச் சென்றவர், பிறகொருமுறை திரும்பி வந்தபோது அவருடைய மகனுக்கு ஏறத்தாழ இரண்டு வயது. அழைத்துப் போக எண்ணுகிறார், தாய் வருந்துகிறாள், அவன் அத்தீவிலேயே இருப்பது நலம் எனக் கருதி விட்டுவிட்டு, ஐந்து நாளில் கப்பலேறுகிறார். பெயர்த்து முடித்த மாணவர் ஒருவர் எழுந்து, "அந்தப் பிள்ளையின் பெயர் என்ன, உஸ்தாத்?" என்றார். அவருடைய தந்தை பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம்மாமில் இருக்கிறார். அப்பகுதியை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தேன். அமைச்சரின் பெயர் இருந்தது; ஊர்களின் பெயர்கள் இருந்தன. பிள்ளையின் பெயர் இல்லை.