பிரிந்தோர் திருமுகங்கள்

கடித இலக்கியம் என்றவுடன் டாக்டர் மு. வரதராசனார் அன்னைக்கும் தம்பிக்கும் எழுதுவனவாக அமைத்த நூல்களும், ரசிகமணி டி. கே. சி.யின் கடிதங்களுமே நம் நினைவுக்கு வருவன. இவை கற்றோர் கைவண்ணம். பிரிந்து வாழும் உறவினர் ஒருவர்க்கொருவர் வரைந்த எளிய திருமுகங்களை இவ்வரிசையில் வைத்தெண்ணுவார் அரியர். 'நலம், நலமறிய அவா' என்பன போன்ற வாய்பாடுகளே அவற்றில் மலிந்துள்ளன. ஆதலின் இலக்கியச் சுவை அவற்றில் இல்லை என்பது அவர் கூறும் தடை. இத்தடை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த திருமுகங்கள் இரண்டு. வேனிற்காதையில், மணமலர்த் தொடுப்பின் நடுவே தாழை மடலில் அணிநலந்தோன்ற எழுதியது முதலாவது. கோவலன் அதனை ஏற்க மறுத்தான். புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் வழியாக வந்தது இரண்டாவது. அதில் அணியில்லை, வணக்கமும் வருத்தமுமே உண்டு. அதனைப் படித்த கோவலன் பிழை தன்னதே எனத் தெளிந்தான். அம்மட்டோ? அதன் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துதல் கண்டு, அவ்வோலையையே அவர்களுக்கு அனுப்பிவைத்தான். சொல் பொதுவாயினும் அன்பு பொய்யாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

உலக வரலாறும் இதனை வலியுறுத்தும். 1938 டிசெம்பர் முதல் 1939 இல் போர் மூளும்வரை, நாசியரின் கொடுமைக்குத் தப்புவிக்கப்பெற்றுப் பிரித்தானியா சேர்ந்த சிறுவர் ஏறத்தாழ 10,000 பேர். அவருட் பெரும்பாலோர் யூதர். போர் மூண்டபின் பகைநாடுகளிடையே அஞ்சல் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் 25 சொற்களுக்கு மேற்படாது குடும்பச் செய்தி எழுதவே இடமிருந்தது. அதனையும் தணிக்கையாளர் படித்தனர். மறுமொழி வரப் பல திங்கள் சென்றன. 'சுகமாயிருக்கிறோம்' என்னும் ஒரு சொல்லே ஆங்கே தாயின் முழு நெஞ்சையும் தாங்கவேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் பிரிவு நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிய மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரே குடும்பத்தில் அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரித் தேயிலைக்காட்டை அடைய, தம்பி இங்கேயே லயத்தில் தங்கிய நிலையும் உண்டாயிற்று. இடையே எஞ்சிய பாலம் கடிதம் ஒன்றே.

யூதர்க்கு நேர்ந்தது இனக்கொலை; மலையகத்தார்க்கு நேர்ந்தது உரிமையிழப்பும் நாடுகடத்தலும். இரண்டனையும் ஒன்றென்றல் பிழை. பிரிவைச் சொல்லும் முறையில் மாத்திரமே ஒப்புமை காணலாம்.

எழுத்தறியாதார் பிறர் கையால் எழுதுவித்துப் பிறர் வாயாற் படிக்கக் கேட்ட கடிதங்கள் இவை. பலர் செவிப்படும் ஒன்றில் அந்தரங்கம் பேசுதல் அரிது. ஆதலின் வாய்பாடே திரையும் ஆயிற்று, துணையும் ஆயிற்று. நலம் கூறியபின் வரும் 'நிற்க' என்னும் சொல்லை நோக்குக. அதற்கு முன்னுள்ளது ஊரார்க்கு உரியது. பின்னுள்ளது உற்றார்க்கு உரியது. இறுதியில், 'கேட்டதாகச் சொல்லவும்' என அடுக்கப்படும் பெயர்களுள் ஒன்று விடுபடின், அவர்க்கு யாது நேர்ந்ததோ எனக் கேட்போர் நெஞ்சம் துணுக்குறும். கூறாமற் கூறும் இத்திறத்தையன்றோ நம் முன்னோர் இறைச்சியென்றும் உள்ளுறையென்றும் போற்றினர்!

எனவே, வாய்பாடு மிகுந்தது என்னும் காரணத்தால் இத்திருமுகங்களை ஒதுக்குதல் முறையன்று. பழைய தகரப்பெட்டிகளிற் கிடக்கும் இவை செல்லரித்துப் போமுன், உரியவர் இசைவு பெற்றுப் படியெடுத்துக் காத்தல் கற்றோர் கடன். அரசர் ஒப்பந்தங்கள் ஏட்டில் நின்றுவிட்டன. அவற்றாற் பிரிந்தோர் மொழிகளும் நிற்றல் வேண்டும்.