துண்டுக்குள் மாடு

இணையத்து மைப்பேனாக் குழுக்களில் உறுப்பினர்கள் தங்களுக்குள் வாங்கி விற்பதைப் போற்றி நண்பர் ஒருவர் எழுதிய குறிப்பு, சென்ற மாதம் மூன்று வெவ்வேறு ஆட்கள் வழியாக என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, முகம்கூடத் தெரியாது. ஆனாலும் ஏமாற்று இல்லை, குழுவின் பண்பாடே காவல் என்பது அவர் வாதம். அந்தப் பண்பாட்டை நான்கு விதிகளாகவும் எழுதியிருந்தார். முதலில் கேட்டவருக்கே பொருள். அடிமாட்டு விலைக்குக் கேட்டு விற்பவரை அவமதிக்கக் கூடாது. விலையை உள்பெட்டியில், அதாவது தனிச்செய்தியில், கேட்க வேண்டும். மனக்குறை இருந்தால் அதையும் உள்பெட்டியிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள்.

முதல் இரண்டு விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. பின்னிரண்டோடு எட்டு வருடமாகச் சண்டை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் இருக்கும் ஒருவருக்கு 1950களின் ஷீஃபர் பேனா வேண்டுமென்றால் எந்தக் கடையில் போய்க் கேட்பார்? குழு இல்லையென்றால் அவருக்கு வழியே இல்லை. “எழுதிப் பாத்துட்டு பணம் போடுங்க சார்” என்று பேனாவை முதலில் அனுப்பிவிடுகிறவர்களை எனக்கு நேரடியாகவே தெரியும். இறுகிப்போன மையைக் கரைப்பது, உள்ளே ரப்பர் பையை மாற்றுவது எல்லாவற்றையும் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். ‘புக்’ என்று எழுதிவிட்டு மாயமாகிப் போகிறவர்களால் விற்பவர்கள் படும் பாடும் கொஞ்சமில்லை. எனக்கே ஒரு முறை கொடுத்த பணம் முழுதும் திரும்ப வந்திருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உள்பெட்டி வியாபாரத்தை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது மாட்டுச் சந்தையை. பொள்ளாச்சியிலும் மணப்பாறையிலும் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் யாருக்கும் விலை தெரியாது. விலையை மறைப்பது நம் மரபுதானே என்று கேட்கிறார்கள். மரபுதான். ஆனால் துண்டுக்குள் இருப்பது விரல்கள் மட்டும். மாடு வெளியே, வெயிலில், நாலு பேர் பார்க்க நிற்கிறது. வாங்குகிறவர் வாயைப் பிளந்து பல் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் சம்பந்தமில்லாத ஆள்கூட “பின்னங்கால் இழுக்குதே” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். வாங்கிய மாடு படுத்துக்கொண்டால் அடுத்த வாரம் அதே சந்தைக்கு வந்து, டீக்கடை வாசலில் தரகர் பெயரைச் சொல்லிச் சத்தம் போடலாம், போடுவார்கள். விலை ரகசியம், குறை பகிரங்கம் என்பதுதான் அந்தச் சந்தையின் ஏற்பாடு. நம் குழுக்களோ மாட்டையும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டன. பேனாவின் நான்கு படங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. விலை, பழுது, பேச்சு, புகார் அனைத்தும் உள்ளே.

படத்தில் பேனா தெரியும் என்று நினைப்பவர்கள் பார்க்கர் ஐம்பத்தொன்றை நினைத்துப் பார்க்கலாம். 1941இல் கடைக்கு வந்த பேனா அது. நாம் பள்ளியில் ஆசைப்பட்ட ஹீரோ பேனாவெல்லாம் அந்த உருவத்தைப் பார்த்துச் செய்ததுதான். அதில் நிப் முழுக்க ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும்; ஊசிமுனை அளவுதான் வெளியே நீட்டும். மூடி எவ்வளவு பளபளத்தாலும் அந்த முனை தேய்ந்திருந்தால் பேனா வெறும் குச்சி. சென்னை பாரிமுனைக் கடையில் மையில் தோய்த்து நாலு வரி எழுதிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். குழுவில் அதற்கு ஈடாக இருப்பது விற்பவரின் ஒரே வாக்கியம்: “ஸ்மூத்தா எழுதும்ணா.”

அந்த ‘அண்ணா’தான் இந்த வியாபாரத்தின் முத்திரைத்தாள். முதல் செய்தியில் ‘சார்’, இரண்டாவதில் ‘ஜி’, பணம் அனுப்புவதற்குள் ‘அண்ணா’. அண்ணன் ஆனபிறகு தம்பியிடம் நிப்பின் அண்மைப் படம் கேட்பது அசிங்கம். எழுதிக் காட்டும் வீடியோ கேட்டால் “நம்பிக்கை இல்லேன்னா விட்டுருங்கண்ணா” என்று பதில் வரும். உறவு இருக்கும் இடத்தில் எழுத்து எதற்கு என்கிறார்கள். இதை நம் ஊரில் நின்றுகொண்டு சொல்வதுதான் எனக்கு வியப்பு. கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறவர்கள் நாம். தாய்மாமன் வைத்த பணத்தைக்கூட ஊர் பெயரோடு நோட்டில் எழுதுகிறோம். சில ஊர்களில் ஒலிபெருக்கியிலும் வாசிக்கிறோம். அங்கே எந்த மாமாவும் ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று கோபித்துக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. எழுதாமல் விட்டால்தான் கோபம். நம் பண்பாடு என்று இவர்கள் சொல்வது எந்த ஊர்ப் பண்பாடு?

விலையை மறைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவரின் முகப்புப் படத்தையும் வேலையையும் பார்த்து விலை மாறுகிறது என்பது குழுவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

என் பெரிய புகார் நான்காவது விதியின் மேல். குறையை உள்பெட்டியில் பேசு என்பது கேட்பதற்கு நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாராட்டை மட்டும் யாரும் உள்பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை. பார்சல் வந்ததும் படம் எடுத்து “அருமையான பேக்கிங், நம்பகமான மனிதர்” என்று குழுவில் எழுதுவது கடமையாகவே ஆகிவிட்டது. எழுத மறந்தால் விற்பவரே நினைவூட்டுகிறார். ஆக, நல்ல அனுபவம் நூறு பேர் முன்னால் நிற்கிறது. கெட்ட அனுபவம் இரண்டு பேருக்குள் புதைகிறது. பத்துப் பேனா விற்று மூன்றில் வம்பு வந்தவருக்கும் குழுவின் பதிவில் ஏழு பாராட்டும் பூஜ்யம் புகாரும்தான். புதிதாக வருகிறவர் இதைப் பார்த்துவிட்டு ‘இங்கே ஏமாற்றே இல்லை’ என்கிறார். நண்பரின் குறிப்பும் இந்தக் கணக்கை வைத்து எழுதப்பட்டதுதான்.

இது புதிய சிக்கலும் அல்ல. முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் பொருள் விற்பதற்காக 1995இல் தொடங்கிய இணையச் சந்தையான ஈபே, மறு ஆண்டே உறுப்பினர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் குறித்துவைக்க ஏற்பாடு செய்தது. அதைத் தொடங்கிய பியர் ஒமிடியார் பாராட்டோடு புகாரையும் வெளிப்படையாகவே எழுதச் சொன்னார். அப்படியும் ஒரு பூச்சி புகுந்தது: நீ என்னைக் குறை சொன்னால் நான் உன்னைக் குறை சொல்வேன் என்று விற்பவர்கள் பழி தீர்க்க ஆரம்பித்தார்கள், வாங்குபவர்கள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். 2008இல் விற்பவர் வாங்குபவருக்கு எதிராகக் குறிப்பு எழுதும் வசதியையே ஈபே எடுத்துவிட்டது. அதில் வேறு குறைகள் உண்டு, இப்போது அது வேண்டாம். வாங்கியவர் வாய் திறக்காவிட்டால் பதிவேடு பொய்யாகிவிடும் என்று காசுக்காக நடத்தப்படும் ஒரு கம்பெனிக்குப் புரிந்திருக்கிறது. பேனாமேல் உள்ள காதலுக்காக நடத்தப்படும் குழு அதே வாயை மூடுவதற்கு விதி எழுதி, அதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கிறது.

இந்த விதியால் அதிகம் அடிபடுவது ஏமாந்தவர்கள்கூட அல்ல, நேர்மையாக விற்பவர்கள். ‘கிளிப் தளர்ந்திருக்கிறது, மூடியில் நகக்கீறல் அளவு விரிசல், நிப் கொஞ்சம் உரசும்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதும் பெரியவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவர் பேனாக்கள் எப்போதும் குறைந்த விலைக்கே போயின. பக்கத்திலேயே அதே பேனாவை ‘மின்ட் கண்டிஷன்’ என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? அந்த ‘மின்ட்’ வீட்டுக்கு வந்தபின் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லையே. பொருளின் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையிலிருந்து நல்ல சரக்கு மெல்ல வெளியேறிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையில் பழைய கார்களை வைத்துக் காட்டினார். பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். எங்கள் பெரியவர் அந்தக் கட்டுரையைப் படித்தவர் அல்ல. போன வருடம் விற்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகள், தொழிலாக இல்லாமல் சொந்த முறையில் ஒருவர் செய்யும் விற்பனைக்குப் பொருந்தாது. அது சரியான விலக்கு. தாத்தாவின் பேனாவை விற்பவரைக் கடைக்காரராக நடத்தக் கூடாது. ஆனால் மாதம் பத்துப் பேனா விற்றுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ‘என் சொந்தச் சேகரிப்பிலிருந்து, மனமில்லாமல்’ என்று எழுதுகிறவரும் அந்த விலக்கின் நிழலில்தான் நிற்கிறார். வியாபாரம் உள்பெட்டியில் நடப்பதால் அவர் எத்தனை விற்றார் என்று யாராலும் எண்ண முடியாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. விவரமோ தொலைபேசியில் சொல்லப்பட்டது. இணைய மோசடிக்குப் புகார் சொல்லும் எண்ணும் தற்செயலாக 1930தான். அதைக் கூப்பிட்டு “நிப்பு உரசுதுங்க” என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. பணம் ஜிபேயில் போய்விட்டது, அது தானாகத் திரும்பாது. ஆகவே வாங்கியவர் கையில் மிஞ்சும் ஒரே ஆயுதம் நாலு பேர் முன்னால் சொல்வது. நான்காவது விதி பறிப்பது அந்த ஒன்றைத்தான்.

வெளியே பேசவிட்டால் கும்பல் சேர்ந்துவிடும், கூரியர் இரண்டு நாள் தாமதித்ததற்கெல்லாம் ‘திருடன்’ என்பார்கள் என்று அட்மின்கள் சொல்கிறார்கள். உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி, புகாரில் தேதி, படம், பேசிய விலை, விற்பவரின் பதில் இவை மட்டும் இருக்கலாம் என்று சொல்வதுதானே? வசவை நீக்குவதற்கு உள்ள கை, புகாரையே நீக்குவது ஏன்? கடுமையாகத்தான் சொல்கிறேன்: நான் இருந்த ஐந்து குழுக்களில் நான்கில் அட்மினே பெரிய விற்பனையாளர். இதை எழுதினால் ‘எல்லா அட்மினையும் சந்தேகிக்கிறாயா’ என்று கேட்பார்கள். விதியை எழுதியவரே அந்த விதியால் லாபம் அடைகிறவர் என்றால், சந்தேகிக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

இனி என் கதை. அது நான் குழுவில் வாங்கிய பார்க்கர் ஐம்பத்தொன்று, ரூ.6,500. ‘ஸ்மூத்தா எழுதும்ணா’ பேனாதான். வந்ததும் எழுதினேன், தாளைக் கிழித்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிப்பின் நுனியில் இருக்க வேண்டிய இரிடியம் மணி ஒரு பக்கம் முழுதாக இல்லை. உள்பெட்டியில் சொன்னேன். விற்றவர் கோபப்படவில்லை, மன்னிப்புக் கேட்டார், பேனாவைத் திருப்பி அனுப்பச் சொன்னார், மறுநாளே பணம் போட்டார். இவ்வளவு மரியாதையாக எந்தக் கடையிலும் எனக்கு நடந்ததில்லை. ‘குழுவில எதுவும் போட வேண்டாம்ணா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நானும் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே பேனா குழுவில் விற்பனைக்கு வந்தது. மூடியில் இருந்த கீறலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதே நான்கு படம், அதே வாக்கியம், விலைக்கு உள்பெட்டி. என்னால் ஒரு வரி எழுதியிருக்க முடியும். பணத்தைத் திருப்பித் தந்த மனிதரை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் ‘சோல்டு’ என்று வந்துவிட்டது. எனக்குத் திரும்பி வந்த 6,500 ரூபாயை வேறொருவர் கொடுத்திருக்கிறார். நடுவில் என் மரியாதைதான் தரகு வேலை பார்த்தது.

நண்பர் தன் குறிப்பில் இதையெல்லாம் நம்பிக்கை என்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பேனா கறுப்பு. வெள்ளி நிற மூடியில், கிளிப்புக்கு வலப்புறம் பிறை வடிவில் ஒரு கீறல். அதை வாங்கியவர் இதைப் படிக்க நேர்ந்தால், நிப்பின் நுனியை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். இடப்பக்கம்.