லினக்ஸில் பிரின்டர்: டிரைவரைத் தேடும் முன்

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பிரின்டரைப் பற்றித்தான். பிரவுசர் ஓடும், வீடியோ ஓடும், லிப்ரே ஆஃபீஸில் தமிழில் தட்டச்சு செய்யலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ‘பிரின்ட் எடுக்க முடியுமா?’ என்ற இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. ஒரே கணினியில் ஒரு பிரின்டர் கேபிளைச் செருகியதும் ஓடத் தொடங்கும். இன்னொன்று நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு தாளைக்கூட வெளியே தள்ளாது. ஏன் இப்படி என்று பார்ப்பதற்காக, லினக்ஸ் மின்ட் 22 போட்ட மடிக்கணினியில் மூன்று வகை பிரின்டர்களை இணைத்து ஓட்டிப் பார்த்தேன். வைஃபை உள்ள புதிய இங்க் டேங்க் ஒன்று, ஸ்கேனரோடு வரும் கறுப்புவெள்ளை லேசர் ஒன்று, யூஎஸ்பி மட்டுமே உள்ள பழைய லேசர் ஒன்று.

சோதனைக்குள் போகும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. லினக்ஸில் அச்சு வேலை முழுவதையும் கவனிப்பது கப்ஸ் என்னும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளிவந்தது. 2002இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கும் அதையே எடுத்துக்கொண்டது, 2007இல் அதன் மூலநிரலையே விலைக்கு வாங்கியது. இன்று லினக்ஸுக்கான கப்ஸைப் பராமரிப்பது ஓபன் பிரின்டிங் திட்டம். நாம் பிரின்ட் கொடுத்ததும் பெரும்பாலான செயலிகள் ஒரு பிடிஎஃப் கோப்பைத் தயாரித்துக் கப்ஸிடம் கொடுக்கின்றன. ஃபில்டர்கள் எனப்படும் நிரல்கள் அதை பிரின்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. பிறகு பேக்எண்ட் என்னும் இன்னொரு நிரல் அதைக் கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ கொண்டுசேர்க்கிறது. நாம் டிரைவர் என்று சொல்வது, நடுவில் உள்ள ஃபில்டரும் பிரின்டரின் தாள் அளவு, தட்டு, அச்சுத் தரம் ஆகியவற்றை விவரிக்கும் பிபிடி கோப்பும் சேர்ந்ததைத்தான். கோளாறு அச்சு வேலைகள் காத்திருக்கும் வரிசையில் நிற்கிறதா, ஃபில்டரில் நிற்கிறதா, கேபிளில் நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல், டிரைவரை நீக்குவதும் மறுபடி போடுவதுமாக இருந்தால் நேரம்தான் போகும்.

இங்க் டேங்க்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வீட்டு வைஃபையில் சேர்த்ததும் பிரின்டர் பட்டியலில் அதன் பெயர் தானாக வந்துவிட்டது. எதையும் இறக்கவில்லை, எந்தக் கட்டளையும் அடிக்கவில்லை. ஏ4 தாள், வண்ணம், தரம் எல்லாம் மெனுவில் சரியாகக் காட்டியது.

இந்த வசதி எப்படி வந்தது என்பது சொல்லத்தக்கது. 2010இல் கைப்பேசியிலிருந்து அச்சிடுவதற்காக ஆப்பிள் ஏர்பிரின்ட்டைக் கொண்டுவந்தது. கைப்பேசியில் யாரும் டிரைவர் போடப் போவதில்லை; ஆகவே பொதுவான வடிவங்களைப் புரிந்துகொள்ளும் அறிவை பிரின்டருக்குள்ளேயே வைத்தாக வேண்டியிருந்தது. தன்னிடம் என்ன தாள் இருக்கிறது, வண்ணம் உண்டா, இருபக்கம் அடிக்குமா என்பதையெல்லாம் கேட்டால் பிரின்டரே ஐபிபி என்னும் இணைய அச்சு நெறிமுறையில் பதில் சொல்லும். 2013இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகியவை சேர்ந்து மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. ஆண்ட்ராய்டுக்கும் அதே வழி திறந்தது. ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரமும் வந்தது. லினக்ஸ் பயனர்கள் நெடுங்காலம் கேட்டும் கிடைக்காத ஒன்றைக் கைப்பேசிக்காரர்களின் தேவை வாங்கித் தந்துவிட்டது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

வைஃபை இல்லாமல் கேபிளில் இணைத்தாலும் இதே வழி பல புதிய பிரின்டர்களில் வேலை செய்யும். ஐபிபி யூஎஸ்பி என்ற சேவை அதைப் பார்த்துக்கொள்கிறது. உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றின் புதிய பதிப்புகளில் அது இருக்கிறது. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையின் விரிவான வெளியீட்டில் வகுப்பு 7, துணைவகுப்பு 1, புரோட்டோகால் 4 என்று இருந்தால் உங்கள் பிரின்டர் இதற்குத் தயார் என்று அர்த்தம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தச் சேவை பிரின்டரின் யூஎஸ்பி வழியைத் தன் கையில் எடுத்துக்கொண்டால், பழைய டிரைவர் மூலம் அமைத்த வரிசைக்கு அந்த வழி கிடைக்காது. பட்டியலில் ஒரே பிரின்டர் இரண்டு பெயரில் தெரிந்து, ஒன்று மட்டும் காத்துக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய வரிசையை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது மேல்.

நேரத்தைத் தின்றது இரண்டாவது பிரின்டரான, ஸ்கேனரோடு வரும் லேசர். தயாரிப்பாளரின் தளத்தில் லினக்ஸ் டிரைவர் இருந்தது, டெபியன் பொதியாகவே இருந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் இன்ஸ்டால் ஆயிற்று. பிரின்டர் பட்டியலில் பெயரும் வந்தது. சோதனைப் பக்கத்தை அனுப்பினால் ‘ஃபில்டர் ஃபெயில்டு’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் வந்தன.

இந்த இரண்டு சொற்களைக் கண்டதும் பலர் டிரைவர் பழுது என்று முடிவுகட்டி வேறு டிரைவர் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேயே நின்று கப்ஸின் பதிவேட்டைத் திறப்பதுதான் சரியான வழி. ‘கப்ஸ்சிடிஎல்’ கட்டளையால் விரிவான பதிவை இயக்கிவிட்டு, இன்னொரு முறை பிரின்ட் கொடுத்து, ‘வார்’ அடைவில் ‘லாக்’, அதனுள் ‘கப்ஸ்’, அதில் உள்ள ‘எரர் லாக்’ கோப்பைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். கீழிருந்து மேலாகப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். என் விஷயத்தில் ஃபில்டர் நிரலை இயக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஒரு வரி சொன்னது. போய்ப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது.

அந்த நிரல் 32 பிட்டுக்காகத் தொகுக்கப்பட்டது. என் லினக்ஸ் 64 பிட். 32 பிட் நிரலைத் தொடங்கிவைக்கும் லோடர் கணினியில் இல்லை; உண்மையில் காணாமல் போனது அந்த லோடர்தான். செய்தியோ நிரலே இல்லை என்பதுபோல வருகிறது. ‘ஃபைல்’ என்ற கட்டளையை அந்த நிரலின்மேல் ஓட்டினால் அது எத்தனை பிட் என்று ஒரே வரியில் தெரிந்துவிடும். ‘டிபேக்கேஜ்’ கட்டளையில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, அதற்கான சி நூலகத்தையும் சி பிளஸ் பிளஸ் நூலகத்தையும் போட்டதும் தாள் வந்தது.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஏஎம்டியின் 64 பிட் ஆப்டெரான் சிப் சந்தைக்கு வந்தது 2003இல். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் 32 பிட் நிரலை மட்டும் கொடுப்பதும், அதற்கு எந்த நூலகம் தேவை என்பதைப் பொதியில் குறிப்பிடாமல் விடுவதும் காசு கொடுத்து வாங்கியவரை மதிக்காத செயல். மூலநிரல் திறந்திருந்தால் டெபியன் தன்னார்வலர் யாராவது என்றைக்கோ 64 பிட்டுக்குத் தொகுத்துக் கொடுத்திருப்பார். ராஸ்பெர்ரி பையைப் பிரின்ட் சர்வராக வைக்க நினைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அதன் ஆர்ம் சிப்பில் இன்டெல் வகைக்குத் தொகுத்த நிரல் எதுவும் நேரடியாக ஓடாது. நூலகம் சேர்த்தும் பயனில்லை.

பிறகு அதே பிரின்டரை வைஃபையில் இணைத்துப் பார்த்தேன். டிரைவரே தேவைப்படவில்லை. ஸ்கேனரும் டிரைவர் கேட்காத ஏர்ஸ்கேன் வழியாக ‘டாக்குமென்ட் ஸ்கேனர்’ செயலியில் தெரிந்தது. நிறுவனத்தின் டிரைவரில் டோனரை மிச்சப்படுத்தும் அமைப்பு இருந்தது, இந்த வழியில் அது இல்லை. அந்த ஒன்றைத் தவிர எனக்குக் குறை தெரியவில்லை. எழுத்தின் கூர்மையில் வேறுபாடு காண முடியவில்லை.

மூன்றாவது வகைதான் நம் ஊர்களில் அதிகம். எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 போன்றவை இன்றும் எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக இவற்றில் பக்கத்தைத் தாமே உருவாக்கும் திறனை வைக்கவில்லை. பக்கம் முழுவதையும் கணினியே படமாக்கி, அந்த நிறுவனத்தின் தனி மொழியில் அனுப்ப வேண்டும். அந்த மொழி பெரும்பாலும் வெளியில் சொல்லப்படவில்லை. லேசர்ஜெட் 1020க்கு இன்னொரு குணமும் உண்டு: அதன் ஃபர்ம்வேர் உள்ளே நிலையாக இருக்காது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்ததும் கணினிதான் அதை மறுபடி ஏற்ற வேண்டும்.

எச்பி தன் பிரின்டர்களுக்கு எச்பிலிப் என்ற திறந்த மென்பொருளைத் தருகிறது. அது பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் 1020 போன்றவற்றுக்கு மூடிய பிளக்இன் ஒன்று தனியாக வேண்டும், அதன் பதிப்பு எண்ணும் எச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்ட்டைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியதும் பிரின்டர் நின்றுபோவதன் காரணம் பல நேரம் இதுதான். ‘எச்பி பிளக்இன்’ கட்டளையை மீண்டும் ஓட்டினால் சரியாகும். பிளக்இன் வேண்டாம் என்பவர்களுக்கு ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் இருக்கிறது. கேனனின் கேப்ட் மொழிக்கு கேப்ட்டிரைவர் என்ற திறந்த முயற்சி உண்டு. பிரதர் லேசர்களுக்கு பிஆர்லேசர், சாம்சங் லேசர்களுக்கு ஸ்ப்ளிக்ஸ், எப்சன் இங்க்ஜெட்களுக்கு கூட்டன்பிரின்ட். இவற்றில் பலவும் பிரின்டருக்குப் போகும் தரவைக் கவனித்துக் கவனித்து, அந்த மொழியைத் தாமாகக் கண்டுபிடித்து எழுதியவை. உங்கள் மாடல் பெயரோடு இவற்றில் ஒன்று பொருந்தினால் நிறுவனத்தின் தளத்துக்குப் போகும் முன் இதைப் போட்டுப் பாருங்கள். என்னிடம் உள்ள பழைய லேசரும் இப்படி ஒரு திறந்த டிரைவரில்தான் ஓடுகிறது. 32 பிட்டா 64 பிட்டா என்ற கேள்வியே எழவில்லை.

பிரின்டருக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் பழைய உறவு உண்டு. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரின்டரில் தாள் அடிக்கடி சிக்கியது. அப்படிச் சிக்கியதும் பயனர்களுக்குச் செய்தி அனுப்பும்படி நிரலை மாற்ற, அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்தவரைத் தேடிப் போய்க் கேட்டபோதும் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததன் பின்னணியில் இந்த அனுபவமும் இருந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

டிரைவர் சரியாக இருந்தும் அச்சு வராத நேரங்களும் உண்டு. எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருநாள் கூப்பிட்டான்.

“அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப கொடுத்தா போன மாதிரி காட்டுது, பேப்பர் வரமாட்டேங்குது. டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டுரவா?”

“டிரைவரைத் தொடாதப்பா. பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் போட்டு, முக்காற்புள்ளி வச்சு, 631 அடி. பிரின்டர் பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?”

“பாஸ்டுன்னு இருக்குண்ணே.”

கேபிள் ஒருமுறை தளர்ந்திருக்கிறது. அனுப்ப முடியாமல் கப்ஸ் வரிசையை நிறுத்தி வைத்துவிட்டது. அதன்பின் கொடுத்ததெல்லாம் பின்னால் அடுக்கிக்கொண்டு நின்றது. கேபிளை இறுக்கி, பழைய வேலைகளை ரத்து செய்து, ரெஸ்யூம் கொடுத்ததும் ஓடியது. அந்த 631 பக்கம் பாஸ்வேர்டு கேட்டு, கொடுத்த பிறகும் உள்ளே விடவில்லை என்றால் உங்கள் பயனர் பெயர் ‘எல்பிஅட்மின்’ குழுவில் இல்லை என்று பொருள். சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும்.

தாள் அளவும் அடிக்கடி காலை வாரும். லினக்ஸ் போடும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இயல்புத் தாள் லெட்டர் அளவு என்று ஆகிவிடலாம். பிரின்டரில் இருப்பதோ ஏ4. சில மாடல்கள் லெட்டர் தாள் வேண்டும் என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும், பார்ப்பவர்கள் டிரைவர் கோளாறு என்று நினைப்பார்கள். தமிழில் அச்சிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் உரைக்கோப்பைக் கட்டளை வழியாக நேரே பிரின்டருக்கு அனுப்ப வேண்டாம். லிப்ரே ஆஃபீஸிலோ பிரவுசரிலோ திறந்து கொடுங்கள். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. 2024 செப்டம்பரில், பிரின்டர்களைத் தானாகத் தேடித் தரும் ‘கப்ஸ் பிரவுஸ்டு’ சேவையில் மோசமான ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. திருத்தங்கள் வந்துவிட்டன, புதுப்பிக்காத கணினி வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

கப்ஸின் அடுத்த பெரிய பதிப்பான 3இல் பிபிடி கோப்புகளுக்கும் பழைய பாணி டிரைவர்களுக்கும் இடம் கிடையாது. பழைய பிரின்டர்களுக்காக பிரின்டர் அப்ளிகேஷன் என்ற முறை தயாராகி வருகிறது: டிரைவரைத் தன்னுள் வைத்துக்கொண்டு, வெளியே டிரைவர் தேவையற்ற பிரின்டராகத் தன்னைக் காட்டும் சிறு மென்பொருள் அது. கூட்டன்பிரின்ட்டும் எச்பிலிப்பும் இந்த வடிவில் வந்துவிட்டன. தயாரிப்பாளர்களின் தனி டிரைவர்களிலிருந்து படிப்படியாக விலகும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட்டும் 2023இல் அறிவித்தது. நிறுவனம் கொடுக்கும் மூடிய நிரலை நம்பி பிரின்டர் வாங்கும் காலம் எல்லோருக்கும் முடிகிறது.

அதனால், லினக்ஸுக்கு பிரின்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் ‘லினக்ஸ் டிரைவர் உண்டு’ என்ற வரியைத் தேட வேண்டாம். ஏர்பிரின்ட் அல்லது மோப்ரியா என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘வயர்லெஸ்’ என்று மட்டும் இருந்தால் போதாது. கடையில் பிரின்டரை ஓட்டிக் காட்டச் சொல்லி, நிறுவனத்தின் செயலி எதையும் இறக்காமல் உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். தாள் வந்தால் பில் போடச் சொல்லலாம்.