ஹெரால்டின் மூக்குக்கு முன்னால் ஒரு குழாய்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலை ஒரகடத்தைக் கடந்து செல்கிறது. அந்தச் சாலை புறப்படும் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை இருந்தது. ஹெரால்டும் கசெல்லும் அங்கே பிறந்த கார்கள். 1988இல் ஆலை மூடப்பட்டது. வடக்கே திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார்களைத் தயாரித்தது. அவர்களுடைய அம்பாசடர் வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம் நின்றது. இந்த இரண்டு பழைய பெயர்களுக்கும் நடுவே இன்று ஹூண்டாய், ரெனோ, டைம்லர் லாரி ஆலைகள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள், கார் ஏற்றிச் செல்லும் டிரெய்லர்கள், கன்டெய்னர்கள். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஹெரால்டையோ அம்பாசடரையோ ஓட்டிப் போகிறவருக்குப் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்துக்குக் கடைக்காரர் கொடுக்கும் மருந்து பம்பர் கார்டு. அது வேலை செய்யுமா என்பதே கேள்வி.

கார்டு என்று இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். ஒன்று, பம்பரின் மேல் செங்குத்தாக நிற்கும் சிறிய குரோம் கொம்பு. உயரம் ஒத்துவராத இரண்டு கார்கள் இடித்துக்கொள்ளும்போது ஒன்றின் பம்பர் மற்றதன் மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளாமல் தடுப்பது அதன் வேலை. அம்பாசடரின் பல மாடல்களில் இது ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. மற்றது, பம்பருக்கு முன்னால் வளைத்து நிறுத்தும் குழாய். டாக்சிகளிலும் அரசியல்வாதிகளின் வண்டிகளிலும் பார்த்துப் பழகியது. முதலாவதைப் பற்றிப் பெரிய சச்சரவு இல்லை. வழக்கு இரண்டாவதன் மீதுதான்.

முதலில் கணக்கு. அம்பாசடரின் எடை சுமார் 1,100 கிலோ. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அது எதிலாவது முட்டினால், கரைய வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1,060 ஜூல். பம்பர் பட்டை வளைந்து, மட்கார்டு நசுங்கி, வண்டி 5 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் சராசரி விசை சுமார் இரண்டு டன் எடைக்குச் சமம். வளையாத குழாய் அதே வண்டியை ஒரு சென்டிமீட்டரில் நிறுத்தினால் விசை பத்து டன்னைத் தாண்டுகிறது. மட்கார்டில் பள்ளம் விழாததைப் பார்த்து உரிமையாளர் மகிழ்கிறார். அந்தப் பத்து டன் எங்கே போனது என்று கேட்பதில்லை. கார்டு போல்ட் போடப்பட்ட இரண்டு இடங்கள் வழியாக அது வண்டியின் எலும்புக்குள் போயிருக்கிறது.

ஹெரால்டில் இது இன்னும் மோசம். அதற்குத் தனிச் சேஸிஸ். அதன் முன் பகுதியில் உள்ள கீல்களில்தான் பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்கின்றன. அந்தச் சேஸிஸ் முனை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பானெட் கதவோடு சேரும் இடைவெளி கெட்டுவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த இடைவெளியைச் சரிசெய்யும் தலைவலி தெரியும். போதாததற்கு, முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் குழாய் பானெட் முழுதாகக் கவிழவும் இடம் விடாமல் போகலாம். என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கே கார்டைக் கழற்ற வேண்டுமென்றால் அதைப் பாதுகாப்பு என்று சொல்வது விநோதம்.

வேகம் 50ஐத் தொட்டால் ஆற்றல் நூறு மடங்கு. அங்கே குழாயின் பங்கு ஒன்றுமில்லை. இந்த வழித்தடத்தில் உண்மையான அபாயம் நின்றிருக்கும் டிரெய்லரின் பின்பக்கம். அதன் தளம் காரின் பம்பருக்கு வெகு மேலே இருக்கிறது. பின்னால் தடுப்புப் பட்டை இல்லாத, அல்லது வளைந்து தொங்கும் லாரியில் கார் அடியில் நுழைந்துவிடும். முட்டுவது கண்ணாடிச் சட்டம். பம்பர் உயரத்தில் நிற்கும் குழாய் அந்த மோதலைச் சந்திக்கவே சந்திக்காது.

கார்டைத் தடை செய்யச் சொல்லி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அப்போது ஊடகங்களில் அதிகம் பேசப்பட்ட காரணம், கார்டு இருந்தால் ஏர்பேக் சென்சார் ஏமாறும் என்பது. நேர்மையாகச் சொன்னால் அந்தக் காரணம் நம் வழக்கில் செல்லாது. ஹெரால்டில் ஏர்பேக் இல்லை, சென்சாரும் இல்லை. பழைய கார் உரிமையாளர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு காரணம் எந்த வயதுக் காருக்கும் பொருந்தும்: எதிரில் இருக்கும் மனிதர். ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் முடிந்து சாலையைக் கடப்பவர்கள் நூற்றுக்கணக்கில். பழைய காரின் மெல்லிய தகடு ஒரு காலில் மோதினால் கொஞ்சமாவது மடங்கும். குழாய் மடங்காது. பெரியவர்களுக்குத் தொடை உயரத்தில், குழந்தைகளுக்கு நெஞ்சு உயரத்தில் அது நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே பாதி முடிந்துவிட்டது.

சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆலை குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் 'மாற்றம்' என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. போல்ட் போட்ட குழாய் அடிப்படை அம்சத்தை மாற்றுகிறதா, ஆர்.சி. புத்தகத்தில் பம்பரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வாதாட இடமுண்டு. ஆனால் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளர் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ சந்திக்கலாம் என்கிறது. வாதத்தில் வெல்லலாம் என்ற நம்பிக்கையில் பொருத்துவது ஒருவர் விருப்பம்; நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் இன்னொரு முடிச்சு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸும் உடலும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாத கார் 'விஏ' எழுத்து கொண்ட பதிவெண் பெறலாம். 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுச் செல்லுபடி. பேரணி, கண்காட்சி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. அன்றாட நெரிசலைக் காட்டித்தானே கார்டு கேட்டோம்? இந்தப் பதிவு பெற்ற காருக்கு அந்தக் காரணமே இல்லை.

துரு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குரோம் பம்பரில் வெளியே மின்னுவது மெல்லிய படலம். அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான் இரும்பைக் காக்கிறது. கார்டுக்காகத் துளை போட்டால் அந்தக் காப்பு கிழிகிறது. கிழிந்த இடத்தில் நிக்கலே எதிரியாகி இரும்பு வேகமாக அரிபடும். கிளாம்ப் அடியில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கினால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள் இரண்டு. ஆலை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேலானதால் ஹெரால்டு பம்பர் கிடைப்பது அரிது. கடைத்தெருக் குழாய் அடிபட்டாலும் பழைய பம்பர் தப்பட்டுமே என்பது முதலாவது. நிறுத்துமிடத்து உரசலுக்கு இது ஓரளவு உண்மை. ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி, அரிய பம்பரைக் காப்பாற்ற அதைவிட அரிதான சேஸிஸை அடகு வைக்கிறோம். பம்பரைத் தட்டி நிமிர்த்தி மறுபடி பிளேட்டிங் போட ஆள் உண்டு. ஹெரால்டு சேஸிஸை நேராக்கத் தெரிந்த டிங்கர் எத்தனை பேர்?

இரண்டாவது வாதம் எனக்கே பிடித்தது. எழுபது, எண்பதுகளில் டாக்சி அம்பாசடர்கள் கார்டோடுதான் ஓடின. கார்டும் அந்தக் காலத்து உண்மையே. அதைக் கழற்றிக் காட்டினால் வரலாற்றைத் திருத்துவதாகாதா? சர்வதேசப் பழைய வாகன அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் ஒரு வண்டியின் வாழ்நாளில் ஏறிய மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாகப் பார்க்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஒரு காரில் அந்தக் காலத்திலேயே ஏறிய கார்டு அப்படியே இருந்தால் அருங்காட்சியகத்திலும் கண்காட்சித் திடலிலும் அதை விட்டுவைக்கலாம். சாலைக்கு வரும்போது கழற்றிவிட வேண்டும். நேற்று வெல்டிங் செய்த ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு இந்த வாதம் உதவாது. அதற்கு வரலாறே கிடையாது.

ஆலையே செய்தாலும் தவறலாம் என்பதற்கு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் சாட்சி. அமெரிக்க விதிக்காக 1974இல் கனமான ரப்பர் பம்பர் போட்டு, வண்டியின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டினார்கள். வளைவுகளில் அது முன்பைவிடச் சாய்ந்தது. பிறகு சாய்வைத் தடுக்கும் கம்பிகளை மாற்றிச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. பொறியாளர் படையே உள்ள நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால், மூக்கில் எடை ஏற்றும் நம் பட்டறைக்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே என் தீர்ப்பு: உங்கள் மாடலில் ஆலையே கொடுத்த செங்குத்துக் கொம்பு தொலைந்திருந்தால் தேடிப் பிடித்து, பழைய துளைகளிலேயே பொருத்துங்கள். குழாய் கார்டு, முன்னாலும் பின்னாலும், வேண்டாம். அதற்கு ஒதுக்கிய பணத்தில் நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் பிரித்துப் பாருங்கள், பிரேக் விளக்கு பகலிலும் தெரியும்படி செய்யுங்கள். டிரெய்லருக்குப் பின்னால் போகும்போது தூரம் விட்டுப் போங்கள்.