சபராளிக் கதைகளில் பெற்றோர் எங்கே?

கடல் கடந்து பொருளீட்டச் செல்வோரைச் ‘சபராளி’ என்று அழைப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கு. பயணம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று தொடங்கிய அப்பயணம், 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் வளைகுடா நாடுகளை நோக்கித் திரும்பிற்று. இன்று அது கனடாவும் ஆஸ்திரேலியாவும் வரை நீண்டிருக்கிறது. 2015-இல் நடத்தப்பெற்ற தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, இம்மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்று வாழ்வோரை ஏறத்தாழ 22 இலட்சம் எனக் கணக்கிட்டது. சென்றவர் ஒவ்வொருவரையும் யாரோ ஒரு தாயும் தந்தையும் வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பர். பயணத்தைப் பற்றிய கதைகளுக்கும் பாடல்களுக்கும் நம்மிடையே குறைவில்லை. அவற்றில் அந்தப் பெற்றோர் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பதையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

பழைய மரபிலிருந்தே தொடங்கலாம். பொருள்வயிற் பிரிவு என்பது அகப்பாடல்களில் பெரிதும் பாடப்பெற்ற துறை. அங்கே பேசுவோர் தலைவியும் தோழியும். சில இடங்களில் தலைவன். தலைவியின் தாய்க்கும் செவிலிக்கும் பேச இடம் உண்டு. மகள் தான் விரும்பியவனோடு உடன்போக்குச் சென்றபோது அவர்கள் புலம்பும் பாடல்கள் நெஞ்சை உருக்குபவை. ஆனால் பொருள் தேடிச் சுரம் கடந்தானே, அவனைப் பெற்றவளுக்கு அகமரபு கூற்று எதையும் வகுத்ததாகக் காணோம். புறத்திணைக்கு வந்தால், காவற்பெண்டு பாடிய புறநானூற்று 86-ஆம் பாடலில் ஒரு தாயைக் காண்கிறோம். மகன் எங்கே என்று வினவியவருக்கு, அவன் இருக்குமிடம் தான் அறியேன் என்கிறாள். தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கல்முழைக்கு ஒப்பிடுகிறாள். அவள் பேச்சில் பெருமிதமும் அறிவும் இருக்கின்றன. இரங்கத்தக்கவளாக அவள் நம்முன் நிற்கவில்லை. எனினும் அந்தக் குரல் போர்க்களத்திற்கு மகனைத் தந்தவளின் குரல். வாணிகத்திற்குத் தந்தவளின் குரலன்று.

திருமறை யூசுப் நபியின் வரலாற்றைக் கூறும் முறை இங்கே நினைவுகூரத் தக்கது. மகனைப் பிரிந்த யஃகூப் நபி அவ்வரலாற்றின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இருக்கிறார். துயரால் அவர் கண்கள் வெளுத்துப் போகின்றன. இன்னமும் யூசுபையே நினைத்து உருகுகிறாரே என்று உடனிருக்கும் மக்கள் குறைகூறும்போது, தம் முறையீடு இறைவனிடத்திலேயே என்கிறார். நம்பிக்கை இழவாதிருக்கும்படி அவர்களுக்கே அறிவுறுத்துகிறார். மகனின் வாடையைத் தொலைவிலிருந்தே முதலில் உணர்பவரும் அவரே. இறுதியில் மகன் ஊர் திரும்பவில்லை. பெற்றோரே எகிப்துக்குச் சென்று அரியணையில் அமர்த்தப்பெறுகின்றனர். இதே வரலாறு காவியமானபோது நிகழ்ந்தது என்ன? பாரசீகப் பெருங்கவி ஜாமி 1483-இல் யாத்த ‘யூசுப் ஸுலைகா’வில் காதலே காவியத்தின் உயிராயிற்று, தந்தையின் துயர் பின்னுக்குச் சென்றது. கவிஞர்க்கு இளமையின்மீதே கண் என்பது நம் மொழிக்கு மட்டும் உரிய குறையன்று.

இக்காலத்திற்கு வருவோம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) தமிழர் கடல்கடந்த வாழ்வைக் கூறும் நாவல்களுள் தலையாயது. மெடானிலும் பினாங்கிலும் அலையும் பாண்டியனின் நினைவில் மதுரையும் சின்னமங்கலமும் தெருத்தெருவாக எழுகின்றன. அது சென்றவனின் கண் கண்ட ஊர். கேரளத்து மாப்பிள்ளைப் பாடல்களில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கடிதப் பாட்டு 1970-களின் பிற்பகுதியில் வீடுதோறும் ஒலித்தது. அது மனைவி கணவனுக்கு எழுதும் மடல். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004), வீட்டுக்குள் அடைபட்ட முஸ்லிம் பெண்களின் உலகத்தை அதற்குமுன் எவரும் சொல்லாத துணிவோடு சொன்னது. இவற்றுள் எதையும் நாம் குறைகூறவில்லை. சென்றவன் பேசினான், பிரிந்த மனைவி பேசினாள். அவ்விருவரும் பேசவேண்டியவர்களே. பெற்றவர்கள் பேசும் முறை மட்டும் இன்னும் வரவில்லை.

அவ்வாறாயின் பெற்றோர் நம் கதைகளில் வருவதே இல்லையா? வருகின்றனர், வரும் விதமே நம்மை வருத்துகிறது. பெருநாள் மலர்களையும் இதழ்களையும் தொடர்ந்து படிப்போர் ஒரு கதையைப் பலமுறை சந்தித்திருப்பர். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். உம்மா திண்ணையில் அமர்ந்து தபால்காரரை எதிர்நோக்குகிறாள். மகனிடமிருந்து பணம் வருகிறது, கடிதம் வருவதில்லை. ஒருநாள் அவள் நோயுறுகிறாள். தந்தி பறக்கிறது. மகன் ஓடிவந்து சேருமுன் மையித்து அடக்கமாகிவிடுகிறது. கபுறின் தலைமாட்டில் நின்று அவன் கதறுகிறான். அங்கே கதை முடிகிறது. தந்தி போய்க் கைப்பேசி வந்த பிறகும் கதை மாறவில்லை. தபால்காரரின் இடத்தில் ஒளிரும் திரை வந்து அமர்ந்துகொண்டது.

இக்கதை வாசகரை அழவைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்காக அழுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். இக்கதையில் தாய் இறப்பது, மகன் வருந்துவதற்காகவே. அவளுக்கு எண்ணம் இல்லை, சினம் இல்லை, நகைச்சுவை இல்லை, அண்டை வீட்டாரோடு ஒரு பூசல்கூட இல்லை. காத்திருத்தல் ஒன்றே அவள் தொழில். மகனின் குற்றவுணர்வை ஏற்றிவைக்கும் திரியாக அவளைப் பயன்படுத்திவிட்டு ஆசிரியர் அகன்றுவிடுகிறார். நன்றிகெட்ட மகன், கண்ணீர்விடும் தாய் என்னும் இந்தப் பங்கீடு எளிதானது. எளிதானது என்பதாலேயே மெய்யாகிவிடாது.

மெய் எங்கே இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் மகனை அனுப்பியவர்களே அந்தப் பெற்றோர்தாம். உம்மாவின் வளையலோ வாப்பாவின் நிலமோ அடகு போய்த்தான் விசா வந்தது. தங்கையின் திருமணம், கடன், ஓடு மாற்றிக் கட்டவேண்டிய வீடு ஆகியவற்றை எண்ணிக் கணக்கிட்டு, மார்க்கம் அறிந்தவரிடம் நாள் கேட்டு, அவர்கள் எடுத்த முடிவு அது. பின்னர் அந்த முடிவின் விலையைத் தாங்களே செலுத்துகின்றனர். அனுப்பியவரே இழப்பவராகவும் இருக்கும்போது குறைகூற அவருக்கு எவரும் இல்லை. தம் கையால் திறந்த கதவின்முன் அமர்ந்திருக்கும் மனிதரின் உள்ளத்தில் எத்தகைய வழக்கு நடக்கும்! அந்த வழக்கை எழுத ஒருவரும் முன்வரவில்லையே என்பதுதான் நம் குறை.

கடிதங்களையே எடுத்துக்கொள்வோம். கதைகள் மகனின் கடிதம் வராததைப் பேசுகின்றன. பெற்றோரின் கடிதம் எதை மறைத்தது என்பதைப் பேசுவதில்லை. நீரிழிவு மிகுந்து கால் புண்ணாகியிருக்கும். கடிதத்தில் எல்லாரும் சுகம். அங்கே மகனுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோயிருக்கும். அவன் கடிதத்திலும் எல்லாம் சுகம். 1970, 80-களில் கடிதத்தோடு ஒலிநாடாவும் வளைகுடாவிற்குச் சென்று வந்தது; இருமலை அடக்கிக்கொண்டுதான் அதில் பேசவேண்டியிருந்தது. இன்றைய காணொளி அழைப்பிலும் முகம் மட்டுமே தெரிகிறது. கட்டுப்போட்ட கால் தெரிவதில்லை. ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினாலேயே இருபுறமும் பொய் சொல்லும் இந்த உறவைவிட நுட்பமான கதைப்பொருள் வேறென்ன வேண்டும்?

மற்றொன்றும் உண்டு. கதைகளில் மகன் பெற்றோரை அழைப்பதில்லை. வாழ்வில் பலர் அழைக்கின்றனர். வளைகுடா நாடுகளில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே ஊதிய வரம்பு உண்டு. ஆகவே அங்கே அது எல்லார்க்கும் இயல்வதன்று. கனடா 2011-இல் பெற்றோர் நீண்டநாள் தங்கிச் செல்லச் சூப்பர் விசா என்னும் முறையைக் கொண்டுவந்தது. வழி திறந்த இடத்தில், வர மறுப்பவர் பல வேளைகளில் பெற்றோரே. துணைவரின் கபுறு இங்கே இருக்கிறது. பாங்கொலி கேட்கும் தொலைவில் பள்ளி இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்க ஒரு தெரு இருக்கிறது. யஃகூப் நபி எகிப்துக்குப் புறப்பட்டார்; நம் வாப்பா புறப்பட மறுக்கிறார். அந்த மறுப்பில் பிடிவாதமும் உண்டு, தன்மானமும் உண்டு, மகனுக்குச் சுமையாகலாகாது என்னும் கணக்கும் உண்டு. மறுக்கத் தெரிந்த முதியவர் நம் கதைகளுக்குள் வந்துவிட்டால், திண்ணையில் காத்திருக்கும் பொம்மை தானே விலகிப்போகும்.

சட்டத்தால் இதைச் செய்ய இயலாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அது பராமரிப்பு எனக் கொண்டது. மாதம் ஒன்றுக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு 10,000 ரூபாயை உச்சவரம்பாக வகுத்தது. மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன்மீது அச்சட்டத்திற்கு வழக்கில்லை. அருகில் இருத்தல் என்பதற்கு அதில் தொகை குறிக்கவும் இயலாது. மார்க்கம் இதனை வேறு அளவுகோலால் அளந்தது. அறப்போருக்கு அனுமதி வேண்டி வந்தவரிடம், பெற்றோர் உயிரோடிருக்கின்றனரா என்று வினவி, அவர்களுக்குப் பணிசெய்வதிலேயே பாடுபடுமாறு நபிகள் நாயகம் அனுப்பிவைத்த செய்தியை நாமறிவோம். ஆயினும் அதைச் சொல்லிக் காட்டுவது மிம்பரின் பணி. எழுத்தாளர் அப்பணியை இரவல் வாங்கும்போதுதான் மகன் கதறும் அந்தப் பழைய கதை மீண்டும் பிறக்கிறது.

எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது தீர்ப்பை அன்று, செவியை. முதுமை வெறும் காத்திருப்பு அன்று. அங்கும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன, உண்மைகள் மறைக்கப்படுகின்றன, பழைய முடிவுகள் இரவில் மறுபடி விசாரணைக்கு வருகின்றன. இளைஞரே கதைமாந்தராகத் தக்கவர் என்னும் எண்ணத்தை விடுத்து, ஊரில் இருந்தவரின் கண்ணால் ஒருமுறை பயணத்தைக் காணட்டும். வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய அந்த இருவரும், அன்றிரவு ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொண்டனர்? நம் சபராளி இலக்கியம் இன்னும் எழுதாத முதல் அத்தியாயம் அதுவே.