கம்பரும் வெர்ஜிலும்: மேலை நாகரிகம் பயிலும் நம் முறை பற்றி

காரைக்குடியில் 1939ஆம் ஆண்டு சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகத்தை நிறுவினார்கள். அக்கழகத்தின் விழா பங்குனித் திங்களில் நடைபெறும். கம்பர் அடங்கிய இடமென வழிவழியாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில் அன்பர்கள் கூடி வணங்குவதோடு அவ்விழா நிறைவுறும். கம்பரை ஹோமரோடும் வெர்ஜிலோடும் மில்டனோடும் ஒப்பிட்டுப் பேசுவது இத்தகைய மேடைகளுக்குப் புதிதன்று. நம் இறையியல் வகுப்புகளிலும் ஹோமர், வெர்ஜில் என்னும் பெயர்கள் ஒலிக்கின்றன. ஆனால் அங்கே அவை புதிய ஏற்பாட்டின் பின்னணி என்றும், திருச்சபை வரலாற்றின் முகவுரை என்றும் வருகின்றன. மதுரையிலிருந்து காரைக்குடி தொலைவிலுள்ள ஊரன்று. ஆயினும் இவ்விரு அவைகளும் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்டதாகத் தெரியவில்லை. இது இருசாராருக்கும் இழப்பே என்பது நம் கருத்து.

தமிழில் இவ்வொப்பீட்டுக்கு வலுவான அடித்தளம் இட்டவர் வ.வே.சு. ஐயர். அவர் பெல்லாரிச் சிறையிலிருந்த காலத்தில் கம்பராமாயணத்தைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு, 1925இல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரே நூலுருப் பெற்றது. கம்பரின் காப்பியம் இலியதுக்கும் ஈனியடுக்கும் இழந்த சொர்க்கத்துக்கும் இணையானது மட்டுமன்று, தன் மூலமாகிய வான்மீகத்துக்கே அறைகூவல் விடுக்க வல்லது என்பது அவர் துணிபு. கல்லூரிகளில் மில்டனைக் கற்றுத் தேறியவர்கள் கம்பரைப் புறக்கணித்த காலத்தில் இவ்வாறு எழுந்து வாதிட்டது இன்றியமையாத பணி என்பதில் ஐயமில்லை. மேலைக் காப்பியங்களை அவர் ஏட்டளவில் அல்லாது உள்ளத்தோடு பயின்றவர் என்பதும் நூலைப் படிப்போர்க்கு விளங்கும்.

எனினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. யார் பெரியவர் என்ற வினாவை முன்வைத்துப் படிக்கும்பொழுது, தோற்றவராக முடிவுசெய்யப்பட்ட கவிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நின்றுவிடுகின்றன. ஐயருக்குப் பின் வந்த மேடைகளில் இக்குறை பெருகிற்று. வெர்ஜில் ஈண்டுக் கம்பருக்கு மாலை சூட்டுவதற்காகவே அழைத்துவரப்படும் விருந்தினராகிவிட்டார்.

சான்றாக ஓரிடத்தை நோக்குவோம். ஈனியடின் ஆறாம் காண்டத்தில், பணிந்தோரைக் காப்பதும் செருக்குற்றோரை அடக்குவதும் ரோமரின் கடன் என்று தந்தையின் ஆவி ஈனியாசுக்கு உரைக்கிறது. பன்னிரண்டாம் காண்டத்தின் இறுதியில் பகைவனாகிய டர்னஸ் வீழ்ந்து கிடந்து இரக்கம் வேண்டுகிறான். ஈனியாஸ் தயங்குகிறான். அந்நிலையில், கொல்லப்பட்ட தன் இளந்தோழன் பல்லாசின் கச்சையை டர்னசின் தோளில் கண்டு, சினம் மூண்டு அவனைக் குத்திக் கொல்கிறான். காப்பியம் அத்துடன் முடிகிறது. ஆறுதலும் இல்லை, விளக்கமும் இல்லை. தந்தை சொல்லிய கடன் மகன் கையாலேயே மீறப்பட்டதைக் கவிஞர் அப்படியே விட்டுவிடுகிறார்.

கம்பரில் வாலி வதைப் படலம் இதனோடு வைத்துப் படிக்கத் தக்கது. மறைந்து நின்று எய்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் இராமன் பெயரைக் கண்ட வாலி, வீழ்ந்த நிலையிலேயே கேள்விகளைத் தொடுக்கிறான். கம்பர் அவன் வாயை அடைக்கவில்லை. கேள்வி முழு வலிமையோடும் எழ இடந்தருகிறார். தம்பியின் மனைவியைக் கவர்ந்தது குறித்து இராமன் விடை கூறுகிறான். ஆனால் மறைந்து எய்தது ஏன் என்ற வினாவுக்கு விடை சொல்பவன் இலக்குவனே. இதைக் கவிஞர் அறியாது செய்தார் என்று நாம் எண்ணவில்லை. முடிவில் வாலி தெளிந்து போற்றுகிறான், மகனை அடைக்கலமாக ஒப்புவிக்கிறான். இங்கே பக்தி வினாவை ஆற்றுகிறது. வெர்ஜிலிடத்தில் வினா ஆறாமலே நிற்கிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதினும், தலைவனின் நீதியில் விழுந்த வடுவை இருவரும் ஏன் மறைக்கவில்லை என்று கேட்பதே பயன் தரும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். அங்குள்ள குறை வேறு வகையினது. கிரேக்க ரோம நாகரிகம் கிறிஸ்தவத்துக்குக் கடவுள் ஆயத்தம் செய்த தொட்டில் என்று எளிதாகச் சொல்லிவிட்டு, நிசேயா, கால்சிதோன் என நடந்துவிடுகிறோம். வெர்ஜிலை முன்வைத்து ஆதித் திருச்சபை பட்ட பாடு நம் மாணவர் காதில் விழுவதில்லை. சிறுவனாயிருந்தபோது டைடோவின் சாவுக்காக அழுததையும், தன் ஆன்மாவின் சாவுக்காக அழாததையும் அகுஸ்தீன் தம் அறிக்கை நூலில் மனம் நொந்து எழுதுகிறார். எரோனிமு கனவில் நியாயாசனத்தின் முன் நிறுத்தப்பட்டு, நீ கிறிஸ்தவன் அல்லன், சிசரோவின் ஆள் என்று கடிந்துகொள்ளப்பட்டார்; இனி அந்நூல்களைத் தொடேன் என்று ஆணையும் இட்டார். பின்னரும் அவர் எழுத்தில் அக்கவிஞர்கள் தலைகாட்டியதை ரூபினஸ் சுட்டி எள்ளியது தனிக் கதை. கி.பி. 362இல் ஜூலியன் பேரரசன், பழந்தெய்வங்களை நம்பாதவர் அவற்றைப் பாடும் நூல்களைக் கற்பிக்கலாகாது என்று கிறிஸ்தவ ஆசிரியர்களைத் தடுத்தபோது, நசியான்சு கிரெகோரி அதைக் கொதித்தெழுந்து எதிர்த்தார். கிரேக்க மொழியும் கல்வியும் ஒரு சமயத்தாரின் தனியுடைமை அல்ல என்பது அவர் வாதம். அதற்கு முன்னரே, ஏறத்தாழ 330இல், ஸ்பானிய மூப்பர் யுவென்கஸ் நற்செய்தி வரலாற்றை வெர்ஜிலின் யாப்பிலேயே பாடி முடித்திருந்தார்.

இவற்றைப் படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு நினைவு எங்கே செல்ல வேண்டும்? வைணவக் குடியிற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்று, பனியனின் பயணக் கதையைக் கம்பரின் விருத்த நடையில் இரட்சணிய யாத்திரிகமாக 1894இல் வெளியிட்ட எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையிடம் அல்லவா? அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று பாராட்டுகிறோம். அப்பாராட்டின் பொருளை ஆராய்வதில்லை.

இதற்கு நம்மவரிடையே ஒரு தடை எழும். அது நேர்மையான தடை. கம்பர் யாருடைய செல்வம்? காப்பியம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கோயிலுக்குள் நம் திருச்சபையாரில் பலருடைய முன்னோர் நுழைய முடியாதிருந்தது. 1943இல் அறிஞர் அண்ணா கம்பராமாயணத்தை எதிர்த்து மேடையேறி வாதிட்டதற்கும் காரணங்கள் இருந்தன. (ஹோமரைத் தம் நகரினின்று விலக்கிய பிளேட்டோவும் அண்ணாவும் ஒரே வரிசையில் நிற்பதைக் கம்பன் அன்பர்களும் கவனித்திருக்கலாம்.) எகிப்தியரின் பொன்னை இஸ்ரவேலர் கொண்டுவந்தது போல் புறச்சமயத்தாரின் நல்லறிவை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்ற அகுஸ்தீனின் உவமை, எகிப்தில் செங்கல் அறுத்தவரின் வழித்தோன்றலுக்கு அத்தனை இனிப்பதில்லை.

ஆனால் அதே அகுஸ்தீன் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறார். 410இல் ரோம் சூறையாடப்பட்டபின் எழுதத் தொடங்கிய கடவுளின் நகரம் என்னும் நூலின் முன்னுரையிலேயே, செருக்குற்றோரை அடக்குவோம் என்ற வெர்ஜிலின் அதே வரியை எடுத்து நிறுத்துகிறார். பெருமையுள்ளவர்களுக்கு எதிர்த்து நிற்பது கடவுளுக்கே உரியது, அதை ஒரு பேரரசு தனக்கென்று எடுத்துக்கொண்டது என்று வழக்காடுகிறார். அவர் வெர்ஜிலை எரிக்கவில்லை, முடிசூட்டவும் இல்லை; மனப்பாடமாக அறிந்த ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய வழக்கு அது. மேலை நாகரிகத்தை நம் மாணவர் பயில வேண்டுவது இதற்காகவே. அது நம் முன்னோரின் வீடு என்பதற்காக அன்று. நமக்கு நேர்ந்த இக்கட்டு முன்னரே நேர்ந்த ஓர் அயல்வீடு என்பதற்காக.

கம்பன் மேடையில் இஸ்லாமியரான நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள் தம் சமயத்தில் உறுதியாக நின்றபடியே உரையாற்றியதைக் காரைக்குடி கேட்டு மகிழ்ந்திருக்கிறது. இறையியல் மாணவரும் ஒரு பங்குனியில் அங்கே சென்று அமர்ந்து கேட்கலாம். அதற்கு முன் வகுப்பில் வாலி வதைப் படலத்தையும் ஈனியடின் இறுதிக் காண்டத்தையும் ஒரே வாரத்தில் படித்துவிட வேண்டும். யுவென்கஸ் நம் பாடத்திட்டத்தில் திருச்சபை வரலாற்றிலும் கிருஷ்ணபிள்ளை தமிழ்த் தாளிலும் தனித்தனியே கிடக்கிறார்கள். ஒரே பாடவேளையில் இருவரையும் கற்பிக்க இரு ஆசிரியர்கள் இசைந்தால் போதும். பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.